ஓவன் விளக்கும் ஒட்டிக்கொண்ட டம்ளரும்

திருப்பாதிரிப்புலியூர்,
தை மாதம், ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் குட்டியின் சளி, மாப்பிள்ளையின் வேலை, அங்கே கொட்டுகிற பனி என்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் பழைய கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் ஒன்று சொன்னாய். டொரண்டோ குளிரில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் புளிக்கவே மாட்டேன் என்கிறது, ஒரு நாள் மேடையில் இடமில்லாமல் பாத்திரத்தை ஓவனுக்குள் தள்ளினேன், உள்ளே எரிந்த விளக்கை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாய். சொல்லிவிட்டு உடனே குட்டியின் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டாய். அம்மாவும் "நல்லதாப் போச்சு" என்றதோடு விட்டுவிட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் வராத தூக்கம் அது. ஏனென்றால் இதே மறதி எனக்கும் ஒரு நாள் நடந்திருக்கிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

மோட்டார் ரிப்பேர் செய்து காயில் கட்டுகிற நம் கடை ஆரம்பித்த புதிது. நீ பிறக்கவில்லை. ஐப்பசி அடைமழை. குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, கிணற்றுத் தண்ணீர் ஏறி மூழ்கிப்போன மோட்டாரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். பிரித்து, கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற மெக்கர் கருவியை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. வைண்டிங்கில், அதாவது உள்ளே சுற்றிய செப்புக் கம்பிக் காயிலில், ஈரம் இறங்கினால் அப்படித்தான் காட்டும். வெயிலில் இரண்டு நாள் வைத்தால் ஒருவேளை தேறும், ஆனால் வெயில் எங்கே? காயில் போய்விட்டது, புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லி, செப்புக் கம்பிக்கு முன்பணமும் வாங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஸ்டேட்டருக்குள், அதாவது காயில் இருக்கிற, சுற்றாத வெளிப்பாகத்துக்குள், பார்ப்பதற்காக ஒரு நூறு வாட் பல்பை அதன் வாய்க்குள் தொங்கவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி எப்போதோ கரண்ட் வந்திருக்கிறது. விடியும்வரை பல்பு எரிந்திருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கரண்ட் பில்தான் நினைவுக்கு வந்தது. பதறிப்போய் பல்பை அணைத்துவிட்டு ஸ்டேட்டரைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. சரி, பார்ப்போமே என்று மெக்கரைச் சுற்றினால், முள் நன்றாக ஏறி நின்றது. காயிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஈரம் மட்டும்தான்.

அந்த விவசாயியிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நம்பாமல் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பழைய தகர பீரோவில் இருநூறு வாட் பல்பு இரண்டு மாட்டி அந்தச் சூட்டுப் பெட்டியைச் செய்தேன். உனக்கு அது நன்றாகத் தெரியும். மழைநாளில் பள்ளிக்கூட சாக்ஸை அதற்குள்தான் காயப்போடுவாய். 2015 வெள்ளத்தில் ஊர் முழுக்க மோட்டார்கள் சேற்றில் கிடந்தபோது, ராப்பகலாக அந்தப் பெட்டி ஓடியது. காயில் கட்டாமலே எத்தனை மோட்டார்கள் பிழைத்தன என்று எனக்குக் கணக்கில்லை.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எது தெரியுமா? மார்கழியில் அம்மா மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கி வைப்பாள். அப்படியும் சில நாள் பொங்காது. "இன்னைக்கு இட்லி கல்லாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லியே வைப்பாள். நானும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். அங்கே என் பெட்டி கதகதவென்று இருக்கும். பழைய குண்டு பல்பு நூறு வாட் இழுத்தால் அதில் பத்து வாட்டுக்கும் குறைவுதான் வெளிச்சமாகும், மீதியெல்லாம் சூடுதான். அதைச் சொல்லித்தான் வேலைக்கு வந்த பையன்களுக்குப் பாடம் எடுப்பேன். மாவுக்கு வேண்டியதும் முப்பது டிகிரியை ஒட்டிய அந்த இதமான சூடுதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் இத்தனை மார்கழி போனது. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது டொரண்டோவில் இருக்கிற நீ.

உன் ஆயாவும் இதைத்தான் செய்தார்கள். ராத்திரி சமையல் முடிந்ததும் விறகடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி, மாவுப் பானையை அடுப்போரமாக நகர்த்தி வைப்பார்கள். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த வருஷம் "இந்த அடுப்புல மாவு பொங்க மாட்டேங்குது" என்று புலம்பியது நினைவிருக்கிறது. புது அடுப்பு பிடிக்காமல் சொல்கிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். சாம்பல் சூடு போய்விட்டது என்பதைத்தான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போதுதான் புரிகிறது.

அப்புறம், அம்மாவின் கை விஷயம். கார்த்திகை மழையில் பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்ததும், ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டதும் உனக்குத் தெரியும். நீ பயந்துவிடக் கூடாது என்று அம்மா நிறையச் சொல்லவில்லை. சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றேன், அவள் சம்மதிக்கவில்லை. "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க" என்று அடுப்படி நிலைப்படிக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். உன் ஓவன் விளக்கு அதற்கு ஒரு காரணமாக அமைந்தது.

முதல் வாரத்திலேயே இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டன. ஆயாவின் பெயர் வெட்டிய டம்ளர்கள், எங்கள் கல்யாணத்துக்கு வந்தவை. அவசரத்தில் ஈரத்தோடு அடுக்கிவிட்டேன். திருகினேன், தட்டினேன். வரவில்லை. கொறடு எடுக்கப் போனேன். அம்மா வெளியிலிருந்து சொன்னாள்: "நசுக்கிடாதீங்க. மேல இருக்கற டம்ளர்ல பச்சைத்தண்ணி ஊத்திட்டு, அடியில இருக்கறதை வடிச்ச கஞ்சியில கொஞ்ச நேரம் வையுங்க." வைத்தேன். எண்ணிப் பத்து நொடி. லேசாகத் திருப்பியதும் கழன்று கையில் வந்துவிட்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன் பாப்பா. கடையில் பேரிங் வளையம் மோட்டாரின் தண்டான ஷாஃப்டில் ஏறாவிட்டால் சுத்தியல் போட மாட்டோம். பேரிங்கை எண்ணெயில் காயவைத்து, சூடு இருக்கும்போதே நழுவவிடுவோம். சூட்டில் இரும்பு விரியும், ஆறினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருஷமாக என் சோறு இந்த வித்தையில்தான் வந்தது. அதே வித்தையை அதே முப்பது வருஷமும் அவள் கஞ்சித் தண்ணீரில் செய்துகொண்டிருக்கிறாள். வெளி டம்ளர் சூட்டில் விரிகிறது, உள் டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் சுருங்குகிறது. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் இல்ல. ஒரு தடவை ஒட்டிக்கிட்ட டம்ளரைக் கோவத்துல கஞ்சிச் சட்டியில போட்டேன், தானா கழண்டு வந்துச்சு" என்றாள். பேரிங் கதையைச் சொன்னேன். "உங்க கடையில இதையா பண்ணுவீங்க?" என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகத் தெரிந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம். மறைக்க வேண்டும் என்று இல்லை. இதெல்லாம் சொல்கிற விஷயமா என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து அவளிடம் கேட்க ஆரம்பித்தேன். சாம்பார் தாளிக்கும்போது மஞ்சள்தூள் கொட்டி என் வெள்ளை வேட்டியில் பெரிய கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. வேட்டி போச்சு என்று நினைத்துக்கொண்டு காட்டினேன். அவள் பதறவே இல்லை. "ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குது? அதேதான். அலசிட்டு வெயில்ல போடுங்க" என்றாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். சுண்ணாம்பில் இருக்கிற காரத்தன்மை சோப்பிலும் இருக்கிறது, அதனால் இங்கேயும் சிவக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடுகிறது. நானே ஓரத்தில் பிழிந்து பார்த்தேன். அப்புறம் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் இரண்டு நாள் கிடந்தது, கறை இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. மஞ்சள் துணியை நிழலில் உலர்த்தச் சொல்வது இதனால்தான் போலிருக்கிறது. எத்தனை கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க நின்றிருக்கிறேன், தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டதுண்டா? உன் ஊரில் இப்போது வெயில் இருக்காது. கோடை வரும்வரை கறைத் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே.

நானும் ஒன்று கண்டுபிடித்தேன். அம்மாவுக்குத் தெரியாதது. ஒரு நாள் காலைச் சமையல் முடிந்த கையோடு, ஈரத்துணியால் கேஸ் சிலிண்டரைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மேல்பாதி காய்ந்துவிட்டது, கீழ்ப்பாதி ஈரமாகவே இருந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. அடுத்த நாளும் துடைத்தேன், அதே மாதிரி. வாரக் கடைசியில் துடைத்தபோது அந்தக் கோடு கீழே இறங்கியிருந்தது. உள்ளே திரவமாக இருக்கிற கேஸ் எதுவரை நிற்கிறதோ, அதுவரை வெளித்தகடு குளிர்ச்சியாக இருக்கிறது, ஈரம் மெதுவாகக் காய்கிறது. அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இத்தனை நாளும் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தும், அடுப்பில் சுடர் தளர்ந்த பிறகும்தான் தீரப்போகிறது என்று தெரிந்துகொண்டோம். அம்மாவிடம் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இடது கையால் தொட்டுப் பார்த்தாள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. "ஆமாங்க, அடியில சில்லுனு இருக்கு" என்றாள். கல்யாணமான புதிதில் அவளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போனபோது பார்த்த முகம் அது.

மீன் கழுவிய கையைப் புளித்தண்ணீரில் அலசினால் வாடை போகும் என்பது உனக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தற்செயலாகக் கற்றது எல்லாம் சரியாக இருக்கும் என்று இல்லை. குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று ஊரே சொல்கிறது. எனக்கு முதல் வாரத்தில் தினமும் உப்பு தூக்கல்தான், அதனால் சோதித்துப் பார்க்க நிறைய வாய்ப்பு கிடைத்தது. ஒரே குழம்பை இரண்டு சட்டியில் பிரித்து, ஒன்றில் கிழங்கு போட்டேன், ஒன்றில் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பிரித்து உறிஞ்சாது, உப்புத் தண்ணீராகத்தான் உறிஞ்சுகிறது. மிச்சமிருக்கிற குழம்பு அதே உப்போடுதான் இருக்கிறது. தண்ணீரும் கொஞ்சம் வெந்த பருப்பும் சேர்த்தால்தான் இறங்கியது. அம்மாவுக்கு இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டாதே. உன் மாவையும் இன்னொரு நாள் விளக்கு இல்லாமல் அதே ஓவனில் வைத்துப் பார்.

இந்தப் பாடம் எனக்குக் கடையில்தான் கிடைத்தது. தானே புயல் உனக்கு நினைவிருக்கும், 2011 டிசம்பர் 30 விடியற்காலை. கட்டிலுக்கு அடியில் ஆயாவைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாயே. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பக் கரண்ட் வந்த பிறகு, பண்ருட்டி பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். போர் மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றார். போய் சப்மர்சிபிளைக் குழாயோடு மேலே இழுத்தோம். ஆறு பேர், அரை நாள் வேலை. பிரித்துப் பார்த்தால் காயில், பேரிங், தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் எல்லாம் சரியாக இருந்தன. திரும்ப இறக்கிப் போட்டோம். அதே சொட்டு. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மரம் போன தோட்டம், கையில் காசில்லாத மனிதர். அவர் என்னை நம்பித்தான் நின்றார். மறுபடியும் இழுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஸ்டார்டரில் ஒயர்களைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது, இருட்டில் இரண்டை மாற்றி மாட்டிவிட்டேன். தெரிந்து செய்யவில்லை. பட்டனை அழுத்தியதும் குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து எதிர்வரப்பில் போய் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. சாய்ந்த கம்பங்களை நட்டுக் கம்பி இழுத்தபோது பேஸ், அதாவது கரண்ட் வருகிற மூன்று கம்பிகளின் வரிசை, இடம் மாறியிருக்கிறது. த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு பேஸ் மாறினால் ரிவர்ஸில் சுற்றும். ரிவர்ஸில் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தூக்கும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மோட்டாரைத் தரைமேல் வைத்திருந்தால் சுற்றுகிற திசையைக் கண்ணால் பார்த்திருப்பேன். இது பூமிக்கு அடியில் இருக்கிறது. அன்று நான் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. ஒயர்களை மறுபடி மாற்றினேன், சொட்டு. திருப்பி மாட்டினேன், பாய்ச்சல். மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். அதற்குப் பின்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வந்து தண்ணீர் குறைவு என்றாலும், மோட்டாரை இழுக்கும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பல பேருக்கு அதோடு சரியாகிவிட்டது. கூலி வாங்கவில்லை. அந்தத் தோட்டத்துக்காரர் மறு வருஷம் பிழைத்து நின்ற மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நீயும் நானும் சுளை எடுத்தோமே, அதே பழம்தான்.

நம் பக்கத்து மண்ணில் இப்படிக் கிடைத்தவை நிறைய. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் 1930-களில் தன் நிலத்தில் தண்ணீருக்காகத்தான் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் கெட்டுவிட்டதே என்று மூடிவிட்டுப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அது என்ன என்று தெரிந்துகொள்ள அவர் விடாமல் முயன்றார். பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956-ல் அங்கே நிறுவனமே வந்தது. நான் கட்டிய மோட்டார்கள் எத்தனையோ அந்தக் கரியில் வந்த கரண்டில்தான் ஓடின.

போன மாதம் அம்மாவின் கையைப் பார்க்கப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனபோது, அரியாங்குப்பத்தை நெருங்கும் சமயம் அவளிடம் பக்கத்திலிருக்கிற அரிக்கமேட்டுக் கதையைச் சொன்னேன். ஆற்றங்கரையில் விளையாடுகிற பிள்ளைகள் மண்ணிலிருந்து மணிகளைப் பொறுக்கி வைத்திருப்பார்களாம். ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் 1937-ல் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் செதுக்கிய கல் அவருக்குக் கிடைத்தது. 1944-ல் தொல்பொருள் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியக அலமாரியில் அங்கிருந்து வந்த ஒரு ஜாடியின் கைப்பிடியைத் தற்செயலாகப் பார்த்து, அது ரோமானியர்களின் ஒயின் ஜாடி என்று அடையாளம் கண்டார். மறு வருஷம் அரிக்கமேட்டுக்கே வந்து தோண்டினார். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். "அந்தப் பிள்ளைங்க கையில எத்தனை நாளா இருந்துச்சோ. யாரோ ஒருத்தர் கேட்டதனாலதானே வெளியே வந்துச்சு" என்றாள். தவளக்குப்பத்தில் நெரிசலில் நின்ற பஸ் அரியாங்குப்பம் பாலம் தாண்டி முருங்கப்பாக்கம் போகும்வரை நான் பதில் பேசவில்லை. கஞ்சிச் சட்டியில் கழன்ற டம்ளர்தான் என் நினைவில் இருந்தது. நான் கேட்டிருக்க வேண்டும். நானாகவே என்றைக்கோ கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, இந்த பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவோம். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். சில நாள் நான் சொல்வேன், அவள் "அதெல்லாம் எனக்குத் தெரியுமே" என்பாள். இதுவரை நாற்பத்து மூன்று எழுதியிருக்கிறோம். நாற்பத்து நான்காவதாக உன் ஓவன் விளக்கை எழுதி, பக்கத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அந்த விளக்கு எத்தனை வாட் என்று பார்த்துச் சொல். ஓவனுக்குள் சூடு தாங்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் பழைய மாதிரி இழை பல்பாகத்தான் இருக்கும், எல்.இ.டி.யாக இருக்காது. அது பியூஸ் போனால் அதே மாதிரிப் பல்பையே வாங்கிப் போடு. மாவுப் பாத்திரத்தை விளக்கை ஒட்டி வைக்காதே, கொஞ்சம் தள்ளி வை. உள்ளே பாத்திரம் இருப்பதை மறந்து யாரும் ஓவனைப் போட்டுவிடாமல் கதவில் ஒரு சீட்டு ஒட்டு.

குட்டியிடமும் கேள். ஐந்து வயதுக்குள் அவள் ஏதாவது கண்டுபிடித்திருப்பாள், உங்களுக்குத்தான் தெரியாது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு.

புதன்கிழமை அம்மாவுக்கு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து போயிருக்கிறது, விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பந்து வைத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாவுதான் பிசைவேன் என்கிறாள். காலைக் காப்பி மட்டும் இனி என் வேலை என்று முடிவாகியிருக்கிறது. நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அம்மா ஏதோ எழுத வேண்டும் என்கிறாள். பேனாவை அவளிடம் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா

பாப்பா, எழுத்து கோணலா இருக்கு, இடது கையால எழுதறேன். அப்பா எல்லாம் எழுதிட்டார், ஒண்ணு மட்டும் அவருக்குத் தெரியல. தினமும் கிரீஸ் கறையோட சட்டை கொண்டுவருவார். மறுநாள் சுத்தமாப் போட்டுக்கிட்டுப் போவார். அது எப்படிப் போச்சுன்னு நேத்துதான் கேட்டார். பலாப்பழத்துக்குக் கையில தடவுவோமே, அதே தேங்காய் எண்ணெயை முதல்ல கறை மேல தடவி ஊறவிட்டு, கிரீஸ் இளகினதும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். பலாப்பால் கையில ஒட்டினப்ப எண்ணெய் தொட்டுத் துடைச்சேன், அன்னைக்குத் தோணினது. மாப்பிள்ளை சைக்கிள் செயின் கறையோட வருவார்னு சொன்னியே, செஞ்சு பாரு. மாவைக் கரைக்கிறப்ப கரண்டி வேண்டாம், கையால கரை.

அம்மா